சாமவை: இனிஷியல் மாறிய ஒரு பல்லவ இளவரசி

திருமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளிவிடுவதற்கு முன் கிடைத்த அந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த அவசரத்தில் மூலவரின் திருவடி அருகே சுமார் ஓரடி உயரத்தில் இருக்கும் வெள்ளித் திருமேனியை யாரும் கவனித்திருக்க மாட்டோம். போக சீனிவாசர் என்று பெயர். மூலவருக்குத் தினமும் நடக்கவேண்டிய அபிஷேகம் அவருக்குத்தான் நடக்கிறது. இரவு ஏகாந்த சேவையில் தொட்டில் கட்டிலில் பள்ளிகொள்பவரும் அவர்தான் (மார்கழியில் மட்டும் அந்த இடத்துக்குக் கண்ணன் வந்துவிடுவார்).

இந்த வெள்ளித் திருமேனியைச் செய்து கொடுத்தவர் ஒரு பெண். பெயர் சாமவை. கோயிலின் முதல் பிராகாரச் சுவரில் தமிழில் இருக்கும் கல்வெட்டு அவரை இப்படி அறிமுகம் செய்கிறது: சத்திவிடங்கன் என்ற ஸ்ரீகாடபட்டிகளின் தேவியார், பல்லவப் பேர்க்கடையாரின் மகளார், சாமவை என்ற காடவன் பெருந்தேவியார். அதாவது முதலில் கணவர், பிறகு அப்பா, கடைசியில்தான் அவர் பெயர். அதுவும் இரண்டு பெயர். சாமவை, பிறந்த வீட்டுப் பெயர். காடவன் பெருந்தேவி என்பது புகுந்த வீடு தந்த பட்டம், காடவனின் பட்டத்தரசி என்று பொருள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல புத்தகங்களில் கி.பி. 614 என்று பார்த்திருப்பீர்கள். கல்வெட்டில் வரும் அரசன் பெயரை மகேந்திரவர்ம பல்லவன் என்று எடுத்துக்கொண்டதால் வந்த கணக்கு அது. அது பார்த்திவேந்திரவர்மனின் 14-ம் ஆட்சியாண்டு, எனவே கி.பி. 966 என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு.

966 என்றால் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். காஞ்சியை ஆண்ட பல்லவர் ஆட்சி 9-ம் நூற்றாண்டின் முடிவிலேயே போய்விட்டது. அபராஜித பல்லவனைத் தோற்கடித்துத் தொண்டை மண்டலத்தைச் சோழன் முதலாம் ஆதித்தன் எடுத்துக்கொண்டான். பிறகு 949-ல் தக்கோலத்தில் (இன்றைய அரக்கோணம் பக்கம்) ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்தான். வடக்குப் பகுதி சோழர் கையை விட்டு நழுவியது. பல்லவக் குடும்பத்தார் அப்போது பேரரசர்கள் இல்லை. பழைய பெருமையை வைத்துக்கொண்டு, இருக்கிற ஊர்களைக் காப்பாற்றிக்கொண்டு வாழ்ந்த சிற்றரசர்கள். காடவர்கள் பல்லவக் கிளையினர். ஆக சாமவையின் கல்யாணம், சுருங்கிப்போன ஒரு பெரிய வீட்டின் இரண்டு கிளைகள் சேர்ந்துகொண்ட சம்பந்தம்.

அரச வீட்டுக் கல்யாணம் என்றால் அது இரண்டு பேர் விஷயமே இல்லை. ராஜராஜ சோழன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் மகன் இன்னொரு சோழ இளவரசி மதுராந்தகியைக் கட்டினான். மூன்று தலைமுறைப் பெண் கொடுத்ததன் விளைவு, 1070-ல் அந்த வேங்கிப் பிள்ளையே குலோத்துங்க சோழனாக சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். இந்தப் பெண்கள் யாரும் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரி கூடக் கிடையாது.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. பிரான்சில் அக்விடேன் நாட்டு வாரிசு எலியனோர். 1137-ல் அப்பா இறந்ததும் பிரெஞ்சு அரசன் 7-ம் லூயிக்கு மனைவி. 1152-ல் அந்தத் திருமணம் ரத்து. இரண்டே மாதத்தில் ஹென்றியோடு கல்யாணம், அவர் 1154-ல் இங்கிலாந்து மன்னரானார். எலியனோர் எந்த வீட்டுக்குப் போனாரோ, அக்விடேனும் அந்த வீட்டுக்குப் போனது. மகன்கள் அப்பாவை எதிர்த்துக் கிளம்பியபோது அவர்கள் பக்கம் நின்றார் என்று, ஹென்றி இறக்கும்வரை சுமார் 15 வருடம் காவலில் இருந்தார். முதல் கல்யாணத்தில் லூயிக்கு அவர் கொடுத்த ஸ்படிகக் குடுவை இன்னும் பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. லூயி அதை மடாதிபதி சூஜேருக்குக் கொடுத்தார், சூஜேர் புனிதர்களுக்குக் கொடுத்தார். அது யார் கை மாறி வந்தது என்று அதில் எழுதிவைத்தது சூஜேர்தான்.

சாமவை விஷயத்தில்தான் வித்தியாசம். அறிமுகத்தில் அப்பாவும் கணவரும் வருகிறார்கள். அதற்குப் பிறகு வரும் செயலெல்லாம் அவருடையது.

வெள்ளித் திருமேனியை எழுந்தருளச் செய்து, மணவாளப் பெருமாள் என்று பெயர் வைத்தார். மாணிக்கம், வைரம், முத்து பதித்த கிரீடம், காதணி, உதரபந்தம், வளையல், பாத அணி என்று நகைகள் செய்து போட்டார். தினமும் நாலு நாழி அரிசி அமுது, அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கு. இரண்டு அயனம், இரண்டு விஷு, ஆக வருடத்துக்கு நாலு திருமஞ்சனம். புரட்டாசியில் ஒன்பது நாள் திருவிழா, மார்கழி துவாதசியை ஒட்டி இன்னொரு விழா. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இன்று லட்சக்கணக்கில் கூட்டம் போகிறதே, அந்த மாத விழாவுக்கு இவ்வளவு பழைய சாசனம் இருக்கிறது.

வங்கியில் குப்பை கொட்டுகிறவன் கண்ணுக்கு அடுத்த பகுதிதான் ருசி :-) இதற்கெல்லாம் செலவுக்கு வழி? சாமவை காசைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. திருச்சானூர்ச் சபையார், கோயில் நிர்வாகம் என்று உரியவர்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, வரி நீக்கி, எழுதிவைத்தார். இரண்டு தடவையாக, இன்றைய கணக்கில் 10 ஏக்கரும் 13 ஏக்கரும் என்கிறார்கள். முதல் அப்படியே இருக்கவேண்டும், வருமானத்தில் தர்மம் நடக்கவேண்டும். நாங்கள் டிரஸ்ட் கணக்கு தொடங்கும்போது சொல்லும் அதே பாடம்தான்.

திருச்சானூர் என்றால் நமக்குத் தாயார் சன்னதிதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அதன் பெயர் திருச்சுகனூர், பிராமணர் சபை நடந்த ஊர். 9-ம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திலேயே மலைமேல் பெருமாளுக்குப் பிரதிநிதியாக இங்கே ஓர் இளங்கோயில் இருந்தது. சோழ நாட்டுக்காரர் ஒருவர் அதற்கு விளக்கு வைத்திருக்கிறார். காடும் மலையுமாக இருந்த காலத்தில் மேலே நடக்கவேண்டியதற்கெல்லாம் பொறுப்பு கீழே இந்தப் பகுதிச் சபைகளிடம்தான்.

பொறுப்பு என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்ததா? ராஜேந்திர சோழனின் 7-ம் ஆட்சியாண்டில் (1019 வாக்கில்) ஓர் அதிகாரி திருச்சானூரில் விசாரணை வைத்தார். திருமுண்டியம் என்ற ஊர்ச் சபை திருமலையில் 24 விளக்கு எரிப்பதாகச் சொல்லிப் பொன் வாங்கியிருந்தது. எரிந்தது இரண்டே இரண்டு! பொன்னைக் கோயில் பண்டாரத்துக்கு மாற்றி, விளக்கைக் கோயிலே எரிக்கச் சொல்லிக் கல்லிலும் வெட்டிவிட்டார்கள். ஊரில் நாம் கட்டளைக்குப் பணம் அனுப்பிவிட்டு, நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறோமே, அந்தக் கவலைக்கு ஆயிரம் வயது.

சாமவைக்குப் பின் வேறு அரசிகளும் வந்தார்கள். 1001 வாக்கில், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்படும் இரண்டாம் பராந்தகனின் தேவி ஒருவர், சேர மன்னன் மகள், பெருமாளுக்குப் பொன் பட்டம் கொடுத்தார். சேர நாட்டில் பிறந்து, சோழ நாட்டில் வாழ்க்கைப்பட்டு, தொண்டை நாட்டு மலைக்குக் கொடுத்தவர். அவரும் இன்னார் மகள், இன்னார் தேவி என்றே வருகிறார்.

நம்ம வீட்டுப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் அப்பா இனிஷியல். கல்யாணம் ஆனதும் கணவர் இனிஷியல். வெளிநாடு வந்தால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அப்பா பெயரோ கணவர் பெயரோ உட்கார்ந்துகொள்ளும். டிகிரி சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எத்தனை பெண்கள் நோட்டரி வாசலில் நின்றிருக்கிறார்கள்! சாமவைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'சாமவை என்ற காடவன் பெருந்தேவி' என்று இரண்டையும் கல்லிலேயே சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது, அவருக்குப் பிள்ளைகள் உண்டா, எதையும் கல்வெட்டு சொல்லவில்லை. கணவரின் ஊரும் ஆட்சியும் போன இடம் தெரியவில்லை. சத்திவிடங்கன் என்ற பெயரை இன்று நாம் உச்சரிப்பதே மனைவி எழுதிவைத்த சாசனத்தால்தான். சொத்து வாங்கும் கையும் அதை எழுதிவைக்கும் உரிமையும் இருந்த பெண்ணின் பெயர் தங்கிவிட்டது. அவை இல்லாத பெண்கள் எத்தனை பேரோ.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்துகொண்டு வந்து கேட்பார்கள். தாத்தா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று ஆண்கள் பெயரை நாலு தலைமுறைக்கு ஒப்பித்துவிடுவோம். பாட்டியின் அம்மா பெயர் என்ன, எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்டால் முழிப்போம். அடுத்த முறை ஊருக்குப் போன் பண்ணும்போது அதைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே.