மூங்கில் மருத்துவமனையின் மாணவர்கள்

நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டுமென்று துஆச் செய்யாத பெற்றோர் நம்மில் குறைவு. ஆனால், "முதலில் படிப்பு முடியட்டும், சேவையெல்லாம் பிறகு" என்பதும் நாமே. 1971ஆம் ஆண்டின் வரலாறு நமக்கு வேறொன்றைச் சொல்கிறது.

பங்களாதேஷ் விடுதலைப் போர் மூண்டபோது, இங்கிலாந்தில் அறுவை மருத்துவ மேற்படிப்பில் இருந்த ஜஃப்ருல்லா சௌத்ரியும் எம்.ஏ. மொபினும் அதை விட்டுப் புறப்பட்டனர். எல்லைக்கு அப்பால், இந்தியாவின் திரிபுராவில், மூங்கிலும் கீற்றும் கொண்டு 480 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. கேப்டன் சிதாரா பேகம் அதன் பொறுப்பை ஏற்றார். இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் சிலர் அங்கே பணியாற்றினர். தாதியர் பயிற்சியே பெறாத பெண்கள், காயம்பட்டோரைப் பராமரிக்க அங்கேயே கற்றுக்கொண்டனர்.

அந்தப் பாடம் போரோடு முடியவில்லை. 1972இல் சாவாரில் ஜஃப்ருல்லா தொடங்கிய 'கணசுவாஸ்திய கேந்திரா', கிராமப் பெண்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்தது. அவர்கள் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று மக்களைக் கவனித்தனர்.

அறிந்தவர் அருகிருந்து கற்பித்தால், படிப்பு முடியாத கைகளும் உயிர் காக்க உதவும். விடுமுறையில் மருத்துவக் குழுவோடு அயல்நாட்டுக் கிராமம் செல்ல நம் பிள்ளைகள் அனுமதி கேட்டால், மறுக்கும் முன் அந்த மூங்கில் கூடத்தை நினைத்துப் பார்ப்போம்.