ஊனோ

ஊனோ என்பது கையிலுள்ள சீட்டுகளை மற்றவர்களுக்கு முன்பே இறக்கித் தீர்ப்பவர் வெல்லும் வகையைச் சேர்ந்த, 1971-இல் அமெரிக்காவில் உருவான சீட்டாட்டமாகும். ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் ‘ஒன்று’ எனப் பொருள்படும் இச்சொல்லை, கையில் ஒரே சீட்டு மிஞ்சும் தறுவாயில் ஆடுபவர் உரக்கச் சொல்லியாக வேண்டும் என்பதால், ஆட்டத்தின் பெயரே அதன் விதிகளுள் ஒன்றாகவும் அமைந்துவிட்டது.

இதன் மூல ஆட்டம், சாதாரண 52 சீட்டுக் கட்டைக் கொண்டு ஆடப்படும் ‘கிரேசி எய்ட்ஸ்’ ஆகும். 1930-களில் அமெரிக்காவில் ‘எய்ட்ஸ்’ என்ற பெயரில் பரவிய அவ்வாட்டத்தில், நடுவே திறந்து கிடக்கும் சீட்டின் இனத்தோடோ எண்ணோடோ பொருந்தும் சீட்டையே இறக்க முடியும். எட்டு மட்டும் எதன்மீதும் இறங்கும், இறக்கியவர் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் ஆகிய நான்கில் தாம் விரும்பும் இனத்தைக் கேட்கலாம். காலப்போக்கில், இரண்டை இறக்கினால் அடுத்தவர் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், ராணியை இறக்கினால் அடுத்தவர் தம் முறையை இழப்பார், ஆஸை இறக்கினால் ஆட்டம் எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பன போன்ற சேர்க்கைகள் வீட்டுக்கு வீடு முளைத்தன. இந்த அதிகாரங்களுள் ஒன்றுகூடச் சீட்டின்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை ஆடுபவர்களின் நினைவிலேயே இருந்தன. ஆகவே இரண்டு வீட்டார் ஒரே விரிப்பில் உட்கார்ந்தால் வழக்கு எழுவது இயல்பாயிற்று.

ஓஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரை அடுத்துள்ள ரீடிங் என்னும் ஊரில் முடிதிருத்தகம் நடத்திவந்த மெர்ல் ராபின்ஸ், தம் மகன் ரேயுடன் கிரேசி எய்ட்ஸ் விதிகளைக் குறித்து எழுந்த ஒரு வாக்குவாதத்தின் விளைவாகவே புதிய ஆட்டத்தை வகுத்தார் எனக் கூறப்படுகிறது. அவர் கண்ட தீர்வு எளியது, ஆனால் ஆழமானது: எந்தச் சீட்டு என்ன செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி விடாமல், அந்தந்தச் சீட்டிலேயே அச்சிட்டுவிடுவது. குடும்பத்தார் 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டுகளை அச்சடித்தனர். அவை முதலில் ராபின்ஸின் கடையிலேயே, முடிவெட்டிக்கொள்ள வருவோரிடம் விற்பனையாயின. சில காலத்திற்குள், இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திவந்த ராபர்ட் டெசாக்கும் அவருடைய நண்பர்களும் 50,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் 10 சென்ட் உரிமைத்தொகைக்கும் ஆட்டத்தின் உரிமையை வாங்கி, இன்டர்நேஷனல் கேம்ஸ் என்ற நிறுவனத்தின் வழியே நாடெங்கும் பரப்பினர். 1992-இல் அந்நிறுவனம் பொம்மை உற்பத்தியாளரான மாட்டெலின் வசமாயிற்று.

பழைய அமைப்பின்படி ஒரு கட்டில் 108 சீட்டுகள் உண்டு. ரம்மி ஆடுவோர் இரண்டு கட்டோடு நான்கு ஜோக்கர்களைச் சேர்க்கும்போது கிடைக்கும் எண்ணிக்கையும் இதுவே. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நான்கு நிறங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்ஜியமும், 1 முதல் 9 வரை எண்ணுக்கு இரண்டாகப் பதினெட்டும், அடுத்தவரைத் தாண்டிச் செல்லும் ‘ஸ்கிப்’, சுற்றைத் திருப்பும் ‘ரிவர்ஸ்’, இரண்டு சீட்டு எடுக்கவைக்கும் ‘டிரா டூ’ ஆகியவை இவ்விரண்டும் இடம்பெறும். எஞ்சிய எட்டில், விரும்பிய நிறத்தைக் கேட்க உதவும் ‘வைல்டு’ நான்கு; நிறத்தைக் கேட்பதோடு அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்கவைக்கும் ‘வைல்டு டிரா ஃபோர்’ நான்கு. ஆளுக்கு ஏழு சீட்டு போட்டு ஆட்டம் தொடங்கும். இறக்கச் சீட்டில்லாதவர் கட்டிலிருந்து ஒன்று எடுப்பார், அது பொருந்தினால் உடனே இறக்கலாம்.

புதிதாகக் கற்போர் இவ்வளவையும் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்வர். அவர்களைத் தடுக்கி விழவைப்பது வைல்டு டிரா ஃபோருக்கு உரிய கட்டுப்பாடு. நடுவில் கிடக்கும் நிறத்தில் தம் கையில் ஒரு சீட்டும் இல்லாதபோது மட்டுமே அதை இறக்கலாம். ஆனால் கையை யாரும் பார்க்க முடியாதாகையால், நான்கு எடுக்க வேண்டியவர் ஐயுற்று அறைகூவினால், இறக்கியவர் தம் சீட்டுகளை அவரிடம் காட்டியாக வேண்டும்; குற்றம் உறுதியானால் இறக்கியவரே நான்கு எடுப்பார், இல்லையேல் அறைகூவியவர் ஆறு எடுப்பார். வேகத்துக்கும் நிறத்துக்கும் பெயர்பெற்ற ஓர் ஆட்டத்தில், எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கவேண்டிய இடம் இதுதான். இவ்விதியை விட்டுவிட்டு ஆடும் குடும்பங்கள் ஆட்டத்தின் சிறந்த பகுதியை இழக்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

கடைசிக்கு முந்தைய சீட்டை இறக்கும்போது ‘ஊனோ’ என்று சொல்ல மறந்தவர், அடுத்தவர் தம் முறையைத் தொடங்குமுன் பிடிபட்டால் இரண்டு சீட்டு எடுப்பார். ஒருவர் கையைக் காலி செய்ததும், மற்றவர்களிடம் எஞ்சிய எண் சீட்டுகள் முகமதிப்பிலும், செயல் சீட்டுகள் 20 ஆகவும், வைல்டு வகைகள் 50 ஆகவும் கூட்டப்பட்டு வென்றவர் கணக்கில் சேர, முதலில் 500 புள்ளியை எட்டுபவர் வெற்றியாளர் ஆவார்.

எழுதப்பட்ட விதிகள் வழக்கைத் தீர்த்துவிடவில்லை. ஒருவர் டிரா டூ இறக்க, அடுத்தவர் சீட்டு எடுக்காமல் தாமும் ஒரு டிரா டூவை அதன்மேல் இறக்கி, நான்கு சீட்டுச் சுமையை மூன்றாமவர் தலையில் ஏற்றும் ‘அடுக்கல்’ முறை பல நாடுகளில் வேரூன்றியது. அது விதிக்குப் புறம்பானது என்று 2019-இல் ஊனோவின் ட்விட்டர் கணக்கு அறிவித்தபோது, காலங்காலமாக அப்படியே ஆடிவந்தோர் அதை ஏற்க மறுத்து வாதிட்டனர்.

நிறத்தை நம்பிய ஆட்டம் என்பதால், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அது நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த மிகேல் நெய்வா வகுத்த குறியீடுகளை ஒவ்வொரு நிறத்தோடும் சேர்த்து அச்சிட்ட கட்டு 2017-இலும், பிரெயில் புள்ளிகள் பொறித்த கட்டு 2019-இலும் வெளிவந்தன. இதற்கிடையே, 2018-இல் அமெரிக்கத் தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் ஊனோ சேர்க்கப்பட்டது. அண்மைக்காலக் கட்டுகள் பலவற்றில் சீட்டுகளின் எண்ணிக்கை 112 ஆகியுள்ளது; கூடுதலான நான்கில் ஒன்று இருவர் கைச்சீட்டுகளை மாற்றிக்கொள்ளவைக்கும் சீட்டு. மற்ற மூன்றும், அந்தந்த வீட்டார் தங்கள் சொந்த விதியைப் பென்சிலால் எழுதிக்கொள்வதற்காக வெறுமையாக விடப்பட்டவை.