நுகம் சுமக்கும் கன்னம்

கன்ன எலும்பு உடைந்தால்கூடச் சிலர் ‘தாடை எலும்பு முறிவு’ என்றே எழுதுகிறார்கள். பேச்சில் கன்னத்தில் விழும் அறையையும் தாடையில் விழுந்ததாகச் சொல்லும் பழக்கம்தான் காரணம் போலும். கன்ன எலும்புக்கு மருத்துவர்கள் சொல்லும் ‘சைகோமா’ கிரேக்கச் சொல். ‘சைகான்’ என்றால் நுகத்தடி. வடமொழி ‘யுக’மும் ஆங்கில ‘யோக்’கும் அதற்கு உறவு. பொருத்தமான பெயர்தான். நெற்றி, பொட்டு, மேல்தாடை, ஆப்பெலும்பு ஆகிய நான்கோடும் பூட்டிக்கொண்டு கண்குழியின் அடித்தளத்திலும் வெளிச்சுவரிலும் ஒரு பகுதியாக நிற்கிறது இது. காதை நோக்கிப் போகும் வளைவில்தான் மெல்லும் தசை தொற்றியிருக்கிறது. நாம் சிரிக்கையில் உதட்டோரத்தை மேலிழுக்கும் தசையும் இந்த எலும்பிலிருந்தே புறப்படுகிறது. தமிழில் கன்னத்துக்குக் ‘கவுள்’ என்ற பழஞ்சொல் உண்டு. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் மதம் ஒழுகும் யானையின் கன்னம். ‘கதுப்பு’ அன்று கூந்தல், இன்று கன்னச்சதை: தலையிலிருந்து முகத்துக்கு இறங்கிவிட்டது! ‘கவுளெலும்பு’ என்றால் யாருக்கும் புரியாது. எலும்புக்குக் ‘கன்ன எலும்பு’ போதும். வளைவுக்கு மட்டும் ‘நுகவளைவு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்.