சிவப்பு வயர் எங்கே போகும்?

மூணு பின் பிளக் ஒண்ணைக் கழற்றிப் பார்த்திருப்பீங்க. உள்ளே மூணு ஸ்க்ரூ, மூணு வயர். சிவப்பு ஃபேஸுக்கு, கருப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. நம்ம ஊர்ல வயரிங் வேலையே தெரியாதவங்ககூட இதைச் சொல்லிடுவாங்க. ஆனா உள்ளே இருக்கிற செம்பு மூணுலயும் ஒண்ணுதான். மேல இருக்கிற நிறம் நாமளா பேசி வெச்சுக்கிட்ட ஒரு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் நாட்டுக்கு நாடு மாறினா என்ன ஆகும்? இன்னைக்கு அந்தக் கதைதான்.

1960-களோட தொடக்கத்துல ஐரோப்பாவைப் பாருங்க. அதே சிவப்பு வயர், பிரிட்டன்ல ஃபேஸ். ஜெர்மனியில எர்த். நெதர்லாந்துல நியூட்ரல்! பச்சையும் அப்படித்தான்: பிரிட்டன்ல எர்த், நெதர்லாந்துல ஃபேஸ். ஒவ்வொரு நாடும் தனக்குள்ள சரியாத்தான் இருந்தது. சாதனங்கள் எல்லை தாண்டி விற்க ஆரம்பிச்சப்பதான் சிக்கல்.

இதுல பிரிட்டனுக்குன்னு ஒரு கூடுதல் ஆபத்து இருந்தது. அங்க சாதனம் வாங்கினா பெரும்பாலும் பிளக் வராது, வெறும் வயர் நுனிதான் வரும். ஏன்னா வீட்டுக்கு வீடு சாக்கெட் வேற. பழைய உருண்டை பின்ல 2, 5, 15 ஆம்பியர்னு பல அளவு. 1947-ல வந்த தரப்படி தட்டை பின் இன்னொண்ணு. (அந்த உருண்டை பின் குடும்பம்தான் இன்னைக்கும் நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கு.) அதனால பிளக் மாட்டுறது வாங்கினவர் வேலை. சமையலறை மேசையில ஸ்க்ரூடிரைவரோட உட்காருற ஒரு சாதாரண மனுஷன்தான் கடைசி இணைப்பைக் கொடுத்தாரு.

இப்ப அவர் கையில ஜெர்மன் மோட்டார் வெச்ச ஒரு சாதனம். சிவப்பு, கருப்பு, சாம்பல்னு மூணு வயர். ஜெர்மன் கணக்குல கருப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த். இவருக்குத் தெரிஞ்ச கணக்குல சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல். அப்ப மிச்சம் இருக்கிற சாம்பல் எர்த். அப்படியே மாட்டிட்டாருன்னு வைங்க. சர்க்யூட்டை மனசுல ஓட்டிப் பாருங்க. மோட்டார் இப்ப நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்கு. அதனால ஓடாது. ஃபியூஸும் போகாது. ஆனா சாதனத்தோட இரும்பு உடம்பு முழுக்க 240 வோல்ட். ஓடலையேன்னு மனுஷன் என்ன செய்வாரு? பக்கத்துல போய்த் தட்டிப் பார்ப்பாரு.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். எரர் மெசேஜ் இல்லாம தப்பாகிற புரோகிராம்னாலே எனக்குப் பயம். இது அதோட அப்பா.

1969-ல பிரிட்டன் விதி போட்டது. வீட்டுச் சாதனங்களோட மூணு வயர் கார்டுல இனிமே பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு எர்த். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒத்துக்கிட்ட நிறங்கள் இவை. இந்தத் தேர்வுல இருக்கிற யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல கிட்டத்தட்ட 12 பேர்ல ஒருத்தருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. பழைய முறையில ஃபேஸ் சிவப்பு, எர்த் பச்சை! எந்த ரெண்டு வயர் மாறினா ஆள் சாவானோ, சரியா அந்த ரெண்டையும் அவங்களால பிரிக்க முடியாத நிறத்துல வெச்சிருந்தாங்க. பிரவுனும் பச்சையும்கூட அவங்களுக்குக் குழம்பும். அதனாலதான் எர்த்துக்கு மட்டும் கோடு. நிறம் தெரியலைன்னாலும் கோடு தெரியும். அதுக்கும் அளவு உண்டு: எந்த 15 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்தாலும் ரெண்டு நிறத்துல ஒண்ணு 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது.

ஆனா இது கார்டுக்கு மட்டும்தான். சுவருக்குள்ள ஓடுற வயர் பல பத்து வருஷம் இருக்கும், அதை யாரும் உடனே மாத்த மாட்டாங்க. அதனால 30 வருஷத்துக்கு மேல பிரிட்டன் வீடுகள்ல சுவர்ல சிவப்பு-கருப்பு, கார்டுல பிரவுன்-நீலம். பிளக்தான் ரெண்டுக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர். புது சாதனங்கள் பிளக்கோடவே வரணும்னு விதி வந்ததே 1994-லதான்.

சுவருக்கான மாற்றம் 2004-ல தொடங்கி, 2006 ஏப்ரல்ல கட்டாயமாச்சு. சிங்கிள் ஃபேஸ்ல பிரச்சினை இல்ல. த்ரீ ஃபேஸ்லதான் வில்லங்கம். பழசுல சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கருப்பு நியூட்ரல். புதுசுல பிரவுன், கருப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். கருப்பும் நீலமும் அப்படியே இடம் மாறிடுச்சு. ரெண்டு முறையும் கலந்திருக்கிற கட்டடத்துல, போர்டு மேல எச்சரிக்கை ஒட்டணும்னு அங்க விதியே வெச்சாங்க.

நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்கள்ல இன்னமும் பெரும்பாலும் அந்தப் பழைய பிரிட்டிஷ் முறைதான்: சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு. அங்க ஐரோப்பாவுல இருந்து ஒரு த்ரீ ஃபேஸ் மெஷின் வந்து இறங்குது. நீலத்தை நீலத்தோட சேர்த்தா மெஷினோட நியூட்ரலுக்கு ஒரு ஃபேஸ் போயிடும். 230 வோல்ட் எதிர்பார்க்கிற கன்ட்ரோல் போர்டுக்கு 400-க்கு மேல கிடைக்கலாம். அதனால விவரம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் வயர் நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டெர்மினல் பக்கத்துல எல்1, எல்2, எல்3, என்னு பொறிச்சிருக்கிற எழுத்தைப் படிப்பாரு. அப்புறம் மீட்டரை எடுப்பாரு.

அமெரிக்காவுல கருப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். அந்தக் கதை தனி, அதை இன்னொரு எபிசோட்ல பேசலாம்.