புல்வெளியில் பிறந்த வால்சக்கரம்

1937 மார்ச் 20, ஹவாயின் பேர்ல் துறைமுகத்திலுள்ள லூக் ஃபீல்டு. உலகைச் சுற்றும் பயணத்தின் அடுத்த கட்டத்துக்காக, எரிபொருளை வயிறு முட்ட நிரப்பிக்கொண்டு அமெலியா இயர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலக்ட்ரா விடியலில் ஓடத் தொடங்கியது. மேலே எழும்புமுன் வலப்பக்கம் விலகியது. அதைச் சரிசெய்ய இடது எஞ்சினின் விசையைக் குறைத்ததும் இடப்பக்கம் சுழன்றது. சக்கரக் கால் முறிந்தது. தீப்பொறி பறக்க, வயிற்றால் தரையில் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. உள்ளே இருந்த மூவருக்கும் காயமில்லை. டயர் வெடித்ததா, விமானியின் கை பிசகியதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

தரையில் இப்படிச் சுழல்வதை விமானிகள் ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். எலக்ட்ராவுக்கு இது புறப்படும்போது நேர்ந்தது. சிறிய வால்சக்கர விமானங்களுக்கோ பெரும்பாலும் தரையைத் தொட்ட பிறகுதான் நேர்கிறது.

காரணம் எளிய பௌதிகம். இந்த விமானங்களில் இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னால் இருக்கும். எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால் விழும். விமானம் நேராக ஓடும்வரை தொல்லையில்லை. மூக்கு சற்றே திரும்பிவிட்டால், பின்னாலிருக்கும் எடை முன்னே பாயப் பார்த்து அந்தத் திருப்பத்தை இன்னும் பெரிதாக்கும். டிராக்டரோடு பூட்டிய டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளியவர்களுக்கு இது புரியும்: முதல் விரற்கடையிலேயே திருத்தாவிட்டால் மடங்கிவிடும். இதில் இன்னொரு வில்லங்கம், வேகம் குறையக் குறைய வாலிலுள்ள சுக்கானின் மேல் பாயும் காற்றும் குறைந்து அதன் பிடி தளர்ந்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டது என்று விமானி மூச்சுவிடும் நேரத்தில்தான் பக்கக் காற்று வாலைத் தள்ளும். வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரசும், புரொப்பெல்லர் வளையும். உயிர்ச்சேதம் அரிது, பழுதுபார்க்கும் செலவுதான் பெரிது.

அப்படியானால் இந்த அமைப்பு ஏன் அத்தனை ஆண்டுகள் கோலோச்சியது? மூக்குச் சக்கரம் பின்னாளில் வந்த ஞானம் அல்ல. கிளென் கர்ட்டிஸ் 1908இல் பறந்த ‘ஜூன் பக்’ விமானத்திலேயே மூன்று சக்கரங்களில் ஒன்று முன்னால்தான் இருந்தது. ஆனால் எஞ்சினும் புரொப்பெல்லரும் விமானத்தின் முன்பக்கத்துக்கு வந்ததும், மேடுபள்ளமான தரையில் புரொப்பெல்லர் இடிக்காமலிருக்க மூக்கைத் தூக்கி வைப்பது வசதியாயிற்று. வாலுக்கு எடை குறைந்த ஒரு சறுக்குக்கட்டை போதும்.

இறங்கும் தரையும் அதற்கு ஒத்துப்போனது. லண்டனின் குராய்டன் விமான நிலையம் கடைசிவரை புல்தரைதான். அப்படிப்பட்ட பரந்த வெளியில் ஓடுபாதை என்று எதுவும் கிடையாது. காற்றுப் பை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதற்கு எதிர்முகமாக இறங்கினால் ஆயிற்று. பக்கக் காற்று என்ற பேச்சே எழாது. இந்தியாவின் ஃபிளையிங் கிளப்புகளிலும் பறந்த டைகர் மாத், 1931இல் உருவானபோது பிரேக் இல்லாமலே வந்தது. புல்லில் உழுதுகொண்டே போகும் சறுக்குக்கட்டை பிரேக்காகவும் இருந்தது, வாலை நேராகவும் பிடித்தது.

கனமான விமானங்கள் வந்ததும் தரை கெட்டிப்பட்டது. தார், கான்கிரீட் ஓடுபாதைகளின் திசை மாறாது. காற்றின் திசை மாறும். சறுக்குக்கட்டை இருந்த இடத்தில் சக்கரம் வந்தது. இழுத்துப் பிடிக்கப் புல்லும் இல்லை. புல்வெளிக்காகப் பிறந்த அமைப்பு கெட்டித்தரையில் தடுமாறியதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப்போரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 இதற்குப் பேர்போனது. இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்க வேண்டும் என்று கால்களை உடலோடு பொருத்தியிருந்தார்கள். சக்கரங்களின் இடைவெளி குறுகியது. எழும்புகையிலும் இறங்குகையிலும் விபத்துகள் பெருகின.

மாற்றுவழிகள் பலவும் முளைத்தன. போருக்குப் பின் குட்இயர் நிறுவனம், பக்கவாட்டில் தானாகத் திரும்பும் சக்கரங்களைச் செய்தது. செஸ்னா 195 போன்றவற்றில் அவற்றைப் பொருத்தினால், மூக்கு ஒரு பக்கம் பார்க்க விமானம் நேராக ஓடும். அதற்கு முன்பே, 1937இல், ஃபிரெட் வெய்க் வடிவமைத்த எர்கூப் வேரைப் பிடித்திருந்தது. மூக்குச் சக்கரம் கொண்ட அந்த விமானத்தில் சுக்கானுக்கென்று தனி மிதியே இல்லை. காற்றை நோக்கி மூக்கைத் திருப்பியபடி தரையைத் தொட்டாலும், பின்னாலுள்ள இரு சக்கரங்களுக்கு முன்னால் அமைந்த எடை அதைத் தானாகவே நேராக்கிவிடும்.

1950களில் வணிகமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பைப்பர் நிறுவனம் பேசரின் வால்சக்கரத்தை எடுத்து, மூக்குச் சக்கரத்தோடு டிரை-பேசரை விற்றது. செஸ்னா 170 அதே போல உருமாறி, 1956இல் 172 ஆகச் சந்தைக்கு வந்தது. பிறகு அந்த ரகத்தில் 40,000க்கும் மேற்பட்டவை உருவாயின. இந்தியா சற்றுத் தாமதித்தது. 1958இல் பறந்த எச்ஏஎல் புஷ்பக் பயிற்சி விமானம் வால்சக்கரத்தோடுதான் வந்தது.

அலாஸ்காவின் ஆற்றுமணலிலும் கரட்டுநிலத்திலும் இறங்குவோர் இன்றும் பைப்பர் சூப்பர் கப் போன்ற வால்சக்கர விமானங்களையே நாடுகிறார்கள். கற்களுக்கு எட்டாத உயரத்தில் புரொப்பெல்லர் சுழல வேண்டுமே. மற்ற விமானிகளுக்கு அது மறந்த வித்தை ஆகிவிட்டது. அதனால் அமெரிக்க விமானத்துறை விதி, வால்சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் கையொப்பமும் கேட்கிறது. 1991 ஏப்ரல் 15க்கு முன்பே அவ்வாறு ஓட்டியதாகப் பதிவேட்டில் காட்டுபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.