மூலம் என்று நினைத்தது: மலக்குடல் புற்றுநோயின் கதை

கோயமுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சரி, பொள்ளாச்சி ரோடோ அவிநாசி ரோடோ, சுவரில் அந்த விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்! வகுப்பில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எங்க அப்பாரு அப்படி ஒரு சுவரை நம்பி எட்டு மாசத்தைத் தொலைத்தார் என்று தெரிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சூடுதான் கண்ணு, மோர் குடிச்சா சரியாப் போயிரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது மலக்குடலில் புற்றுநோய். அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடியதும் முதலில் கிடைத்தது ஒரு ஆச்சரியம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லோருக்கும் தெரியும். அதற்கு விதை போட்டதே ஒரு மலக்குடல் புற்றுநோய்தான்! 1912-ல் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு இந்த நோய் வந்தது. ரத்தமும் சளியுமாகப் போனதால் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் நடந்தது. உண்மை தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1923-ல் அவர் இறந்துபோனார். ஒரு டாக்டர் வீட்டிலேயே இப்படி என்றால், எங்க அப்பாருவைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்தத் துக்கம் மருத்துவமனையாக மாற முப்பது வருஷம் ஆனது. முத்துலட்சுமி 1925-ல் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வந்தார், சட்டசபைக்குப் போனார், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார், அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

சரி, 1923-ல் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் 1908-ல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். வயிற்றைத் திறந்து மேலிருந்தும், ஆசனவாய்ப் பக்கம் கீழிருந்தும் அறுத்து மலக்குடலையே முழுசாக எடுத்துவிடுவது. அதுவரை கீழ்ப்பக்கம் மட்டும் அறுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்ப வந்துகொண்டிருந்தது. மைல்ஸ் முறையில் பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க வயிற்றில் துளையோடு, அதன்வழியே மலம் போக, வாழ வேண்டியிருந்தது. 1932-ல் டியூக்ஸ் என்பவர் நோய் குடல் சுவரை எவ்வளவு ஆழமாகத் துளைத்திருக்கிறது, நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டதா என்று பார்த்து நிலைகளாகப் பிரித்தார். இன்றைக்கு டாக்டர்கள் 'எத்தனாவது ஸ்டேஜ்' என்று சொல்வதற்கு அதுவும் ஒரு ஆரம்பம்.

கண்டுபிடிப்பதில் பெரிய திருப்பம் 1969-ல் வந்தது. நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இருவர் வளையும் குழாயைக் குடலுக்குள் விட்டு, உள்ளே முளைத்திருந்த மருக்களை (பாலிப்) கம்பிச் சுருக்கு போட்டு வெட்டி எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவே இல்லை. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த மருவிலிருந்துதான் பல வருஷங்களில் மெல்ல மெல்ல உருவாகிறது. அதனால் மருவை எடுத்தால் நோய் வருவதற்கு முன்பே தடுத்த மாதிரி.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1990-ல் டாக்டர் உத்வாடியா மும்பையில் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்தார். அதற்கடுத்த சில வருஷங்களில் கோவையில் டாக்டர் பழனிவேலு இந்த வழியில் இறங்கினார். பிறகு 2001-ல் ராமநாதபுரத்தில் ஜெம் மருத்துவமனை வந்தது. சின்னச் சின்னத் துளை போட்டுக் குடல் புற்றுநோயை எடுப்பதில் அப்போது உலகம் முழுக்க ஒரு பயம் இருந்தது. கருவி போகும் துளையிலேயே புற்று ஒட்டி வளர்ந்துவிடுமோ என்று. அமெரிக்காவில் 872 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. திறந்து செய்தாலும் துளை வழியே செய்தாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. ஆனால் அது பெருங்குடலுக்கு மட்டும். இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் இடுங்கிக் கிடக்கும் மலக்குடல் வேறு கதை! அங்கே பெரிய மாற்றம் தந்தவர் இங்கிலாந்தின் ஹீல்ட். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையையும் சிதையாமல் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று 1982-ல் சொன்னார். நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

அப்பாருவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன். செலவில் பெரும்பகுதி அரசு காப்பீட்டு அட்டையில் போனது. வயிற்றில் பை மாட்டியிருந்த நாலு மாசம் கல்யாணம் காட்சி எதற்கும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். நோயை விட அந்தப் பைதான் அவரை அழ வைத்தது. பிறகு துளையை மூடிவிட்டார்கள். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறோம். போகிற வழியில் அந்தச் சுவர் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.