பனிமலைப் பாதைகள் – 17: திராஸ் வழியில் ஒரு குதிரை வைத்தியர்

லே நகரில் இருபத்தைந்து நாள் காத்திருந்தும் யார்கண்டுக்குப் போக வழி பிறக்காமல், ஹங்கேரியரான சாண்டோர் சோமா மூட்டையைக் கட்டிக்கொண்டு காஷ்மீரை நோக்கித் திரும்பி நடந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அவர் பின்னால் போய்ச் சேர்ந்த சங்லா கோட்டையின் குளிர்காலத்துக்குள் நுழைய வேண்டும். ஆனால் 1822 ஜூலை 16 குறுக்கே நிற்கிறது. அன்று திராஸுக்குப் பக்கத்தில், ஹிம்பாப்ஸ் என்று சோமா குறித்துவைத்த இடத்தில், எதிரே ஓர் ஆங்கிலேயர் வந்தார். சோமாவின் மிச்சமிருந்த இருபது வருட வாழ்க்கையும் அந்தச் சந்திப்பிலிருந்து கிளம்பியதுதான். அப்படியிருந்தும் வில்லியம் மூர்கிராஃப்டை ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். வழியில் பார்த்தார், ஒரு புத்தகம் கொடுத்தார், அவ்வளவே. எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை.

மூர்கிராஃப்ட் லங்காஷயரின் ஆர்ம்ஸ்கர்க் ஊர்க்காரர். தகப்பன் பெயர் சொல்லிக்கொள்ள முடியாத பிறப்பு. லிவர்பூலில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சர்ஜனாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். அந்த வட்டாரத்து மாடுகளுக்குக் கொள்ளைநோய் கண்டபோது போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். தொழுவத்துக்குப் போனவர் மறுபடி மனித வைத்தியத்துக்குத் திரும்பவில்லை. வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் பார்ப்பதை அன்றைய இங்கிலாந்தில் கொல்லனும் லாயக்காரனும் செய்கிற வேலையாகத்தான் நினைத்தார்கள். படித்தவன் அதில் இறங்குவது கௌரவக் குறைச்சல். மூர்கிராஃப்ட் பிரான்சுக்குப் போய் லியோன் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். முறையாகக் கால்நடை வைத்தியம் படித்த முதல் ஆங்கிலேயர் அவர்தான். லண்டனுக்குத் திரும்பி, ஆக்ஸ்ஃபர்டு தெருவில் குதிரைகளுக்கு வைத்தியசாலை நடத்தினார். கை நிறையக் காசு வந்தது. இயந்திரத்தில் லாடம் செய்வதற்குக் காப்புரிமை வாங்கி, வந்த காசை அதில் கொட்டினார். போட்ட பணம் திரும்பவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி அவரை 1808இல் பீகாருக்குக் கூட்டிவந்தது. பூசாவில் கம்பெனிக்கு ஒரு குதிரைப்பண்ணை இருந்தது. குதிரைப்படைக்கு வேண்டிய உயரமும் வலுவும் உள்ள குதிரைகள் அங்கே பிறக்கவில்லை. அதைச் சரிசெய்வதுதான் மூர்கிராஃப்டின் உத்தியோகம். (நூறு வருடம் கழித்து வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவானது இதே பூசாவில்தான். 1934 பூகம்பத்தில் இடிந்து டெல்லிக்கு இடம்மாறிய பிறகும் அதற்குப் பூசா என்ற பெயரே நிலைத்தது. நம் எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த பூசாவின் முன்கதை இது.) பண்ணையைப் பார்த்த மூர்கிராஃப்ட், ரத்தம் மாறாமல் இந்தக் குதிரைகள் தேறாது என்று முடிவுக்கு வந்தார். நல்ல பொலிகுதிரை வேண்டுமென்றால் துருக்மான்களின் நாட்டுக்குப் போக வேண்டும். புகாரா சந்தைக்குப் போக வேண்டும். அந்த நினைப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை.

முதலில் அவர் போனது வேறு திசையில். 1812இல் ஹியர்சி என்ற துணைவரோடு கோசாயி வேஷம் போட்டு, முகத்துக்கு நிறமேற்றி, தலைப்பாகை கட்டி, யாத்திரைக்காரர்களாக நீதிக் கணவாய் ஏறித் திபெத்துக்குள் இறங்கினார். வயது நாற்பத்தைந்து. மானசரோவர் ஏரியைப் பார்த்த முதல் ஆங்கிலேயர் அவர். ஏரியிலிருந்து ஆறு ஏதேனும் புறப்படுகிறதா என்று உடம்புக்கு முடியாத நிலையிலும் கரையோரமாக நடந்தே தேடினார். காஷ்மீர் சால்வைக்கு மூலமான பஷ்மினா ஆட்டு ரோமத்தை விலை பேசினார். ஒரு திபெத்திய அதிகாரியின் வீட்டில் இரண்டு நாய்கள் ஓடிவந்து அவர் காலைச் சுற்றின. இரண்டும் ஐரோப்பிய ஜாதி. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிப்பாய் கவாத்துப் பழகுவதுபோல வித்தை காட்டின. ருஷ்ய வியாபாரிகளிடமிருந்து வந்தவை என்றார்கள். கவாத்துப் பழகிய நாய் பட்டாளத்துக்காரனிடம்தான் வளர்ந்திருக்க முடியும் என்று மூர்கிராஃப்ட் கணக்குப் போட்டார். இமயத்துக்கு அப்பால் ருஷ்யா வந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் விழுந்த இடம் அது. ஊர் திரும்பும் வழியில் கூர்க்காக்கள் பிடித்து அடைத்துவைத்தார்கள். விடுபட்டு வந்ததும் அடுத்த பயணத்துக்கு மனுப் போடத் தொடங்கினார்.

கம்பெனி தலையசைக்க ஏழு வருடம் ஆயிற்று. 1819 கடைசியில் கிளம்பினார்கள். கூடவே கல்கத்தா வக்கீல் ஒருவரின் மகன் ஜார்ஜ் ட்ரெபெக், வைத்திய உதவியாளர் கத்ரி, புகாரா வழியை ஏற்கெனவே போய்ப் பார்த்துவந்த முன்ஷி மீர் இஸ்ஸத்துல்லா. லாகூரில் ரஞ்சித் சிங்கைச் சந்தித்து, மகாராஜாவின் உடம்புக் கோளாறுகளுக்கு ஆலோசனை சொல்லி, வழிவிடச் சம்மதம் வாங்கினார் மூர்கிராஃப்ட். குலு, லாஹுல், பாராலாச்சா கணவாய் தாண்டி 1820 செப்டம்பரில் லே போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து காரகோரத்தைக் கடந்து யார்கண்டு, யார்கண்டிலிருந்து புகாரா. அதுதான் திட்டம்.

யார்கண்டு சீனர் கையில் இருந்தது. அனுமதி கேட்டு ஆள் போனது, பதில் வரவில்லை, மறுபடி போனது. இந்தக் காத்திருப்பில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கரைந்தது. வேறொருவராக இருந்தால் நொந்துபோய்த் திரும்பியிருப்பார். மூர்கிராஃப்ட் லடாக்கில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார்: எந்த நிலத்தில் எந்தப் பார்லி, எந்த ஆட்டுக்கு எவ்வளவு ரோமம், மருந்துக்கு எந்தச் செடி. திராஸ் பக்கத்துச் சரிவுகளில் விளையும் பிராங்கோஸ் என்ற தீவனச் செடியைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஏழைக் குடியானவனின் ஆடுமாடு பனிக்காலத்தைத் தாண்ட அது உதவும் என்பதால் அவ்வளவு ஆர்வம். நோயாளிகள் வாசலில் வந்து நின்றார்கள், வைத்தியம் பார்த்தார். அவர் உளவாளிதான் என்று ஒரு கட்சி உண்டு. தகவல் சேர்த்தார், கல்கத்தாவுக்கு எழுதினார், அது உண்மை. அவர் குறிப்புகளைப் படிக்கிற எவருக்கும் அதற்கு மேலும் ஒரு மனிதர் தெரிவார் என்பது என் கட்சி.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தார். லடாக் அரசு சீக்கியர்களுக்கு அஞ்சிக்கொண்டிருந்தது. 1821இல் லடாக்கைக் கம்பெனியின் பாதுகாப்பில் வைக்கும்படி தாமாகவே ஓர் ஒப்பந்தம் செய்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். கம்பெனி வெலவெலத்துப்போனது. இந்தக் காகிதத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ரஞ்சித் சிங்குக்குத் தெரிவித்துவிட்டு, மூர்கிராஃப்டின் சம்பளத்தையும் நிறுத்தியது. அதிகாரமில்லாமல் கையெழுத்துப் போட்டது தவறு என்று வாதிடலாம். ஆனால் பனிமலையில் ஒரு மனிதரை விட்டுவிட்டு, அவர் எழுதும் கடிதங்களை மாதக்கணக்கில் படிக்காமல் வைத்திருந்த கல்கத்தா மேஜைகளிடம் எனக்கு எள்ளளவும் மரியாதை கிடையாது. 1834இல் சீக்கியர்களுக்குக் கீழிருந்த ஜோராவர் சிங்கின் டோக்ரா படை லடாக்குக்குள் இறங்கியது. மூர்கிராஃப்ட் அஞ்சியது நடந்தது.

இப்போது சோமாவுக்கு வருவோம். ஹங்கேரியரின் பூர்விகத்தைத் தேடி, 1819 நவம்பரில் ட்ரான்சில்வேனியாவை விட்டுக் கிளம்பியவர். மூர்கிராஃப்ட் புறப்பட்ட அதே குளிர்காலம் அது. பாக்தாத், டெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர் என்று அவர் வந்த வழியை முந்தைய வாரங்களில் பார்த்தோம். அவருக்கும் வேண்டியிருந்தது யார்கண்டுதான். தம் மூதாதையரின் சுவடு அந்தப் பக்கம் கிடைக்கும் என்று நம்பினார். லேவில் விசாரித்தபோது பாதை ஆபத்து, செலவு அதிகம் என்று தெரிந்தது. கையில் காசு இல்லை.

அந்த வழி ஆங்கிலேயருக்கு அரசியலால் அடைபட்டது, ஹங்கேரியருக்கு வறுமையால் அடைபட்டது. சீனர்கள் மூர்கிராஃப்டுக்கு அனுமதி தந்திருந்தால், சோமா லே வருவதற்கு ஒரு வருடம் முன்பே அவர் காரகோரத்தைத் தாண்டியிருப்பார். சோமாவிடம் நூறு ரூபாய் கூடுதலாக இருந்திருந்தால், ஜூலை நடுவில் அவர் எங்கோ வடக்கே பனியாற்றின் மேல் ஒட்டகக் கூட்டத்தோடு போயிருப்பார். போக நினைத்த இடத்துக்குப் போக முடியாத இரண்டு பேர், 1999இல் கார்கில் போர்ச் செய்திகளில் நாம் தினமும் கேட்ட அதே திராஸ் பள்ளத்தாக்கில், எதிரெதிரே வந்து நின்றார்கள். ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது, மற்றவருக்கு முப்பத்தெட்டு.

பார்த்தவுடனே நடந்ததைப் பாருங்கள். சோமா தம் பயணத்தை நிறுத்திவிட்டு மூர்கிராஃப்டோடு மறுபடி லேவுக்கே திரும்பினார். கந்தல் உடுத்திய, ஆர்மீனியன் என்று சொல்லிக்கொண்டு ஆசியாவைக் கடந்த ஒரு மனிதனை உளவாளி என்று சந்தேகிக்க மூர்கிராஃப்டுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ருஷ்யா என்றாலே காது விடைக்கிறவர் அவர். ரஞ்சித் சிங்குக்கு ருஷ்ய அமைச்சர் நெசல்ரோட் 1820 ஜனவரியில் எழுதிய கடிதமொன்று, அதைக் கொண்டுவந்த ஏஜெண்டு வழியில் இறந்துபோனதால், மூர்கிராஃப்டின் கைக்கு வந்திருந்தது. அதை யாரிடம் கொடுத்துப் படித்தார் என்று நினைக்கிறீர்கள்? சோமாவிடம். சோமா அதை லத்தீனில் பெயர்த்துக் கொடுத்தார். தாம் வருடக்கணக்காகத் துரத்திய ரகசியத்தை, புதிதாக வழியில் கண்ட ஒருவர் கையில் கொடுக்கிற அளவுக்கு மூர்கிராஃப்டுக்கு ஆளைத் தெரிந்தது. நல்ல குதிரையைப் பல்லைப் பார்த்துச் சொல்கிறவர், நல்ல மனிதனையும் சொல்லிவிட்டார்.

லேவில் மூர்கிராஃப்ட் தம்மிடம் இருந்த ஒரு தடித்த புத்தகத்தைச் சோமாவிடம் கொடுத்தார். ஜார்ஜி என்ற பாதிரியார் எழுதி 1762இல் ரோமில் அச்சான ‘அல்ஃபபேத்தும் திபெத்தானும்’. குழப்பமும் பிழையும் மலிந்த நூல். திபெத்திய மொழியைப் படிக்க ஐரோப்பியனுக்கு அன்று கிடைத்ததோ அதுதான். சோமா அதை லேவில் உட்கார்ந்து படித்தார். திபெத்திய மடங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஏடுகளைப் பற்றி மூர்கிராஃப்ட் பேசியதைக் கேட்டார். இந்த மொழியின் அமைப்பைக் கற்றால் அந்த ஏடுகளுக்குள் போகலாம், மத்திய ஆசியாவின் பழங்கதை அங்கே கிடைக்கலாம், அதில் தம் ஜனங்களின் தடமும் இருக்கலாம் என்ற ஆசை பிறந்தது. ஹங்கேரியரை அவர் கைவிடவில்லை. அவர்களைத் தேடிப் போகிற பாதையை மட்டும் மாற்றிக்கொண்டார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பாதையிலேயே இருந்தார். 1834இல் கல்கத்தாவில் வெளிவந்த அவருடைய திபெத்திய அகராதியும் இலக்கணமும்தான் இன்றைய திபெத்தியலுக்கு அஸ்திவாரம்.

இதில் மூர்கிராஃப்டுக்குத் தம் காரியமும் உண்டு. லடாக்கில் கம்பெனிக்கு ஒரு நாள் திபெத்திய மொழி தேவைப்படும் என்று அவர் எண்ணினார். அதைச் சொல்லி அவரைச் சிறியவராக்க முயல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சம்பளம் நின்றுபோன மனிதர், தம் கைப்பணத்தை எடுத்து இன்னொருவரின் படிப்புக்குக் கொடுத்தாரே, அதைக் கம்பெனி கேட்டதா? லேவிலிருந்து ஸ்ரீநகர் போன பிறகு, அந்தக் குளிர்காலம் முழுவதும் சோமாவைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவருக்கு ஆதரவு கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். லேயின் தலைமை அதிகாரிக்கும் சங்லாவின் லாமாவுக்கும் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்தார். 1823 மே 2 அன்று சோமா ஸ்ரீநகரை விட்டுக் கிளம்பினார். ஜூன் 20 அன்று சங்லா சேர்ந்தார்.

மூர்கிராஃப்ட் மேற்கே போனார். காபூல் வழியாக, வழியெல்லாம் பணம் பறித்தவர்களைச் சமாளித்து, 1825 பிப்ரவரியில் புகாராவுக்குள் நுழைந்தார். நெடுங்காலம் கனவு கண்ட சந்தை. குதிரைகள் வாங்கினார், நினைத்த அளவுக்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் இன்னும் நல்ல குதிரை இருக்கிறதென்று அந்த்குய் பக்கம் தனியே போனார். ஆகஸ்ட் மாதம் அங்கே காய்ச்சலில் இறந்தார். உடலைப் பல்க் கொண்டுவந்து புதைத்தார்கள். கத்ரி, ட்ரெபெக், மீர் இஸ்ஸத்துல்லா ஒருவரும் பிழைக்கவில்லை. 1832இல் அந்த வழியாகப் போன அலெக்சாண்டர் பர்ன்ஸ் அந்தக் கல்லறையைப் பார்த்தார்.

இருந்தும் 1846இல் லாசா சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹூக்கிடம் அங்கிருந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள்: மூர்கிராஃப்ட் காஷ்மீரி வேஷத்தில் பன்னிரண்டு வருடம் லாசாவில் வாழ்ந்தாராம், ஊர் திரும்பும்போதுதான் கொள்ளைக்காரர்கள் கொன்றார்களாம். நான் நம்பவில்லை. ஆனால் லாசாவில் அப்படியொரு பேச்சு உலவும் அளவுக்கு அந்தப் பெயர் இமயத்தின் இரண்டு பக்கமும் நடமாடியிருக்கிறது என்பதை நினைக்கையில் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அவருடைய குறிப்புகள் பல வருடம் கல்கத்தாவில் கிடந்து, வில்சன் என்பவர் பதிப்பித்து 1841இல்தான் புத்தகமாயின. அதற்கு முன்பே அவர் பெயரை எழுதிவைத்தவர் சோமா. 1824 நவம்பரில் சபாத்து எல்லைக் காவலில் உளவாளி என்ற சந்தேகத்தில் நிறுத்தப்பட்டபோது, யார் நீ என்ற கேள்விக்கு அவர் 1825 ஜனவரி 28இல் எழுதித் தந்த நீண்ட கடிதத்தில்தான் திராஸ் சந்திப்பும், புத்தகமும், கடனாகத் தாம் நினைத்த அந்த உதவியும் பதிவாகின. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் கம்பெனி அவருக்கு மாதம் ஐம்பது ரூபாய் ஒதுக்கியது. ஒதுக்கச் சொல்லி முதலில் எழுதிய மூர்கிராஃப்ட், சோமா அந்தக் கடிதத்தை எழுதியபோது புகாராவை நெருங்கிக்கொண்டிருந்தார்.

சங்லாவின் ஒன்பதடி அறையும், அடுப்பில்லாத அந்த நான்கு மாதமும், லாமா சாங்யே புன்ட்சோக்கும் அடுத்த வாரம்.

(தொடரும்)